பேச்சியம்மாள் வழக்கில் நான் எழுதிக் கொடுத்த வரி

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் உறுப்பைக் கொடுக்க முன்வந்தால், குழு அவரைத் தனியாக, அவருக்குப் புரியும் மொழியில் விசாரிக்க வேண்டும். சம்மதித்தாலும் மறுத்தாலும் குழு தன் முடிவுக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கொடுக்க முன்வந்தவர் கடைசி நிமிடம் வரை மனம் மாறலாம். முதல் விதியை நாங்கள் கடைப்பிடித்தோம். மற்ற இரண்டின் பொருளையும் மீறினோம், அதுவும் மிகுந்த நல்லெண்ணத்தோடு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. குழுக்களுக்குப் புதிதாக வரும் உறுப்பினர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். "மருத்துவத்தில் அறம்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசக் கூப்பிட்டார்கள். நடந்த வழக்குகளைக் குறிப்பிட வேண்டாம் என்று அழைப்பிதழின் கீழே ஒரு குறிப்பு. கூடவே புதிய படிவத்தின் மாதிரியையும் அனுப்பியிருந்தார்கள். இனி எல்லாம் கணினியில்தானாம். மறுப்புக்கான காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் இருப்பது "மருத்துவக் காரணம்". கொடையாளருக்கு விருப்பமில்லை என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. வகுப்புக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். அங்கே பேசக் கூடாததை இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தத்துவம் நடத்தினேன். படித்தது, பட்டம் வாங்கியது, மூன்று ஊர்களில் தற்காலிக வேலை பார்த்தது எல்லாம் இந்த ஒரு வரிக்குமேல் தாங்காது. இடையில் நான்கு ஆண்டுகள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தேன். தத்துவம் எனக்குச் சொல்லித் தராததை அந்த நாற்காலி சொல்லித் தந்தது. வாய்ப்பேச்சுக்கு ஆயுள் கிடையாது. எண் போட்ட கடிதத்துக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் உறுப்புக் கொடை ஒப்புதல் குழுவில் சேரச் சொன்னார்கள். மருத்துவர்கள் போக, "நேர்மையும் சமூக மதிப்பும் உள்ள இருவர்" குழுவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். என் நேர்மையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஊரில் என்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதையே சமூக மதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர். அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் அவரை வில்லனாக்குவது மிகச் சுலபம். கூட்டம் தொடங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோப்பின்மேல் வைப்பார். கோப்பைக் கடைசித் தாளிலிருந்து முன்பக்கம் நோக்கி வாசிப்பார். முதல் தாளில் பொய் இருக்கும், கடைசித் தாளில் அலுப்பு இருக்கும், அலுப்பில்தான் உண்மை வெளியே வரும் என்பார். கொடையாளர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். வருபவர் வங்கி மேலாளரா மாடு மேய்ப்பவரா என்று பார்க்க மாட்டார். கொடையாளர் உட்கார்ந்த பிறகே அவர் உட்காருவார். நானும் அவரைப் பார்த்து எழுந்து நிற்கப் பழகினேன். அதற்கு முன்னால் மாணவர்களுக்காக நான் எழுந்து நின்றதே இல்லை.

விசாரணை முறை இதுதான். உறவினர்கள் எல்லாரும் வெளியே. கதவைச் சாத்துவார்கள். அடையாள அட்டையில் உள்ள முகத்தையும் எதிரே உள்ள முகத்தையும் ஒருவர் ஒப்பிடுவார். கேமரா ஓடும். எதை எடுக்கப் போகிறார்கள், எடுத்த பிறகு உடம்பு எப்படி இருக்கும், யார் முதலில் கேட்டது, எப்போது கேட்டது என்று தலைவர் கேட்பார். கடைசிக் கேள்வி என்னுடையது. அதை நானே குழுவில் புகுத்தினேன்: "வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பத்திரண்டு ஆண்டுப் பாடம் இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலின் தலைவன் சரக்கைக் கடலில் எறிகிறான். அவன் அதை விரும்பிச் செய்தானா, கட்டாயத்தில் செய்தானா? பழைய கிரேக்கர்கள் இதை வைத்து நெடுநேரம் விவாதித்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கை அவனுடையது, முடிவும் அவனுடையது, ஆனால் புயலை அவன் கேட்டு வாங்கவில்லை. என் மாணவர்கள் பிற்பாடு எங்கெங்கோ வேலைக்குப் போனார்கள். அந்தக் கேள்வி எனக்கு வேலைக்கு ஆனது அந்தக் குழு அறையில்தான்.

பேச்சியம்மாள் சீவலப்பேரியிலிருந்து வந்தார். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வயல் வேலை. கணவர் விட்டுப் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அண்ணன் வீட்டின் பின்கட்டில் இருந்தார். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். கோப்பில் தங்கையின் பரிசோதனைகள் எல்லாம் இருந்தன. ஒரு குறையும் இல்லை. எங்கள் குழுவில் யாருடைய உடம்பும் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

தலைவர் எழுந்து நின்றார். அவர் எதற்காக நிற்கிறார் என்று புரியாமல் பேச்சியம்மாளும் நின்றுகொண்டே இருந்தார். கையைக் காட்டி உட்கார வைத்தோம்.

"என்னத்தக் குடுக்கப் போறீங்கன்னு தெரியுமாம்மா?"

"கிட்னி சார்."

"எத்தன இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு போதும்னு சொல்லுதாவ."

"யாரு?"

"எல்லாருந்தான்."

"உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதந்தான் சார்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்?

பேச்சியம்மாள் கேமராவைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "அந்தப் பேச்சுக்கே யாரும் போகல சார்."

"உங்க மதினி குடுக்கலாமே?"

"அவுகளுக்கு ரெண்டு புள்ள இருக்கு. எனக்குப் புள்ளயா குட்டியா? என் கிட்னி சும்மாதான கெடக்கு."

"இது யாரு சொன்னது?"

"இதெல்லாம் ஆளு வந்து சொல்லணுமா சார்?"

"சரி, குடுக்கல. அண்ணன் வீட்டுல இருக்க முடியாதுன்னு வந்தா எங்க போவீங்க?"

"அதான் சம்மதம்னு சொல்லிட்டம்லா," என்றார். லேசாகச் சிரித்தார்கூட.

அவர் வெளியே போனதும் கேமராவை நிறுத்தினார்கள். அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாயால் வந்த சம்மதம் அவருடையது இல்லை. ஒப்புதல் மறுக்க வேண்டும் என்பதில் ஐந்து பேரும் ஒன்று. எதை எழுதுவது என்பதில்தான் பேச்சு வந்தது.

"இவ சம்மதம் சொந்தச் சம்மதம் இல்லன்னு எழுதினா, இன்னைக்குச் சாயங்காலமே அந்த வீட்ல இவளப் பந்தாடிருவாங்க," என்றார் தலைவர். "நீ உள்ள போய் என்னட்டி சொன்னன்னு அண்ணன் கேப்பான். புரொபசர், நீரு சொல்லும்வே."

நான் சொன்னேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. நம்முடைய அறநூல்கள் வாய்மையை எப்படி வரையறுக்கின்றன என்று ஒரு சிறு சொற்பொழிவே நடத்தினேன். நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது வாய்மை ஆகாது. யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று விளக்கினேன். இந்த இடத்தில் உடல் பொருந்தவில்லை என்று சொல்வது தீங்கற்ற சொல், ஆகவே அது பொய்யே ஆகாது. மருத்துவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த காரியத்துக்கு நான் ஒரு சாஸ்திரம் வாங்கிக் கொடுத்தேன். வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன்: "கொடையாளர் மருத்துவக் காரணங்களால் தகுதியற்றவர்." ஆங்கிலத்தில், ஒரே வரி.

"பொண்ணுட்ட உண்மையச் சொல்லணுமா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"வேண்டாம்வே. அவளுக்குத் தெரிஞ்சா அவ வாயாலயே வெளிய வந்துரும்," என்றார் தலைவர்.

அதற்கும் நான் தலையாட்டினேன். கடிதம் நோயாளியின் குடும்பத்துக்குப் போனது. கொடையாளருக்குப் பிரதி அனுப்பும் வழக்கம் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. கேள்வித்தாள் உறையில் ஒரு கையெழுத்து குறைந்தாலே திருப்பி அனுப்பியவன் நான்.

மழைக்காலப் பிசான நெல் நடவு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு முற்பகலில் பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். மருத்துவமனைக் காவலாளியிடம், "கடைசியாக் கேள்வி கேட்ட நரச்ச முடி சார்" என்று விசாரித்து முகவரி வாங்கியிருக்கிறார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

"குடிங்க."

"இல்ல சார். இன்னைக்கு உள்ளது முடிஞ்சிட்டு. ரெண்டு செம்புக்குமேல குடிக்கதில்ல. எங்கண்ணனுக்கு அப்படித்தான் சொல்லிருக்காவ. நானும் இப்பமே அடக்கிக்கிட்டா கொஞ்ச நாள் இழுத்துப் போவும்லா." பிறகு கேட்டார்: "எனக்கு என்ன நோக்காடு சார்? எத்தன நாளு இருப்பேன்?"

உங்களுக்கு நோய் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

நடந்ததைச் சொன்னார். கடிதத்தைச் சீவலப்பேரியில் ஒரு மருந்துக் கடைக்காரர் வாசித்து, தங்கச்சிக்கும் கிட்னி கோளாறு என்று சொல்லிவிட்டார். மதினி அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். கெட்ட எண்ணம் இல்லை, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படியா என்று அழுதுதான் காட்டினாள். நடவுக்கு ஆள் சேர்க்கும் கொத்துக்காரி இசக்கியம்மாள், "நீ பைய வீட்லயே இரு. வெயில்ல விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்லுதது?" என்று கொத்திலிருந்து நிறுத்திவிட்டாள். அந்தப் போகம் முழுக்க வேலை இல்லை என்றாகிவிட்டது. வேலை இல்லாமல் பின்கட்டில் உட்கார்ந்து, இருக்கும் நாளை எண்ணிக்கொண்டு, தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் தீங்கு தராத சொல் என்று நான் முத்திரை குத்தி அனுப்பியது இதுதான். அந்த வரையறையில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிடம். தீங்கு உண்டா இல்லையா என்று யாருடைய வாழ்க்கையை வைத்து அளக்க வேண்டுமோ, அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு நான் அளந்தேன்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். குழுவின் ரகசியத்தை மீறினேன் என்பதை இங்கே எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். நடவடிக்கை எடுக்க விரும்புபவர்கள் எடுக்கலாம். உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, நீங்கள் மனதோடு சம்மதிக்கவில்லை என்று நினைத்து நாங்கள் அப்படி எழுதினோம் என்றேன்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் தம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பிறகுதான் கோபம் வந்தது.

"அத எங்கிட்டக் கேட்டா என்ன சார்? எனக்கு வாய் இல்லியா? அவுக கூடிப் பேசிக் குடுன்னாவ. நீங்க கூடிப் பேசி வேண்டாம்னீங்க. உள்ள இருக்கது எங்கிட்னி."

"இப்பக் கேக்குறேன். குடுக்க விருப்பமா?"

காலித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு. ஒத்தையா இருக்கவ நான். நாள பின்ன விழுந்தா தூக்க ஆளில்ல. எங்கண்ணன் சாகக் கூடாது. ஆனா நான் குடுக்க மாட்டேன். ரெண்டும் நெசந்தான்."

"உண்மைய எழுத வச்சா வீட்ல உங்கள என்ன சொல்லுவாங்க, யோசிச்சீங்களா?"

"கல்நெஞ்சக்காரின்னுவாவ. சொல்லிட்டுப் போட்டும். கல்நெஞ்சக்காரிய வேலைக்குக் கூப்பிடுவாவ சார். நோக்காட்டுக்காரிய ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ. எழுதி வாங்கித் தாங்க."

கப்பல் தலைவனைப் பற்றி நான் வகுப்பில் சொன்ன எந்த விடையும் இதற்கு ஈடாகாது.

அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. இசக்கியம்மாள் அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிட்னி ஆசுபத்திரித் தாளுல ஒண்ணு இருக்கு, இதுல ஒண்ணு இருக்கு. கெட்டதச் சொன்ன தாளே வந்து மாத்திச் சொல்லட்டும்" என்றாளாம். அவள் சொன்னதில் தவறில்லை. எழுதிய இடம்தான் திருத்த வேண்டும்.

குழுவுக்கு எழுதினேன். பதிவேட்டில் காரணத்தைத் திருத்துங்கள். அவர் உடல்நலத்தில் குறையில்லை என்றும், கொடுக்க அவருக்கு விருப்பமில்லை என்றும் தமிழில் எழுதி, அவர் பெயருக்கே ஒரு கடிதம் கொடுங்கள். பேச்சியம்மாள் கைப்பட எழுதிய வாக்குமூலத்தையும் இணைத்தேன்.

தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"புரொபசர், அந்த ஒரு வரி எத்தனப் பொண்ணுகளக் காப்பாத்திருக்கு தெரியுமாவே? இதத் திருத்தினா நாளைக்கு மருத்துவக் காரணம்னு எழுதுத எந்தக் கடிதத்தையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். மாமியா மறுபடி டெஸ்ட் எடுன்னுவா. ஒருத்திக்காவ நூறு பேர மாட்டி விடப் போறீராக்கும்?"

நியாயமான கேள்வி. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை.

"மறைப்பு வேண்டாம்னு நான் சொல்லல டாக்டர். கேக்குற பொண்ணுக்குக் குடுப்போம். நான் மனசு மாறிட்டேன், வெளிய தெரியாமப் பாத்துக்கோங்கன்னு எவ கேக்குறாளோ, அவளுக்கு அந்த வரி உரிமை. கேக்காதவ தலையில நோயக் கட்டி அனுப்புறதுக்கு நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"நல்லது செய்யுததுக்கு அதிகாரம் வேணுமாவே?"

"வேணும். நம்ம ரெண்டு பேருக்கும் ரொம்பவே வேணும்."

அவர் வைத்துவிட்டார். அடுத்த வாரம் குழுவைத் திருத்தி அமைத்திருப்பதாகவும், என் சேவைக்கு நன்றி என்றும் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் மட்டும் மிக வேகமாக வந்தது.

எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, நடைமுறை தெரியும். பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, முப்பது நாளில் நினைவூட்டல், நினைவூட்டலில் முந்தைய கடிதத்தின் எண். தனியார் மருத்துவமனை தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது. அதற்கு உறுப்பு மாற்று உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகம் வரும். அங்கே மனுப் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: மறுப்புக்கான காரணம் உண்மையாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று எந்த அதிகாரியும் கையெழுத்திட்டுச் சொல்ல மாட்டார். வேண்டும் என்று சொன்னால் கோப்பைத் திறந்தாக வேண்டும். நண்பர்கள் சிரித்தார்கள். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், "ஒருத்தி நாத்து நடுததுக்கு நீரு டெல்லி வரைக்கும் எழுதுவீராவே?" என்றார். எழுதுவேன் என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அறம் என்று பேசிச் சம்பளம் வாங்கியவன் இதற்குக்கூட எழுதாவிட்டால், நான் நடத்திய வகுப்பெல்லாம் வெறும் தொண்டைத் தண்ணீர்.

இதற்கிடையில் பேச்சியம்மாள் யாருக்கும் காத்திருக்காமல், தானே அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டார். மதினி பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றுவரை பேச்சு இல்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். இரண்டு நாள் கழித்து, "மொதல்லயே சொல்லிருக்கலாம்லாட்டி" என்று மட்டும் கேட்டிருக்கிறான். பேச்சியம்மாள் அதே ஊரில் வேறு தெருவில் ஒற்றை அறை பார்த்துக் குடிபோனார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கு அண்ணன் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறான். டயாலிசிஸ் நாளில் அவனோடு டவுன் பஸ்ஸில் துணைக்கு வருவது பேச்சியம்மாள்தான். கொடுக்க மறுத்தவளுக்கு அன்பில்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஒருநாள் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாம்.

காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அரசு அலுவலகம் கையெழுத்திட்டது; மருத்துவமனையின் திருத்தக் கடிதம் வந்தபோது அடுத்த போகமான கார் நடவு தொடங்கியிருந்தது. மருத்துவமனை உறை, பேச்சியம்மாள் பெயருக்கு, என் முகவரிக்கு வந்திருந்தது. உறையைப் பிரிக்காமல் சீவலப்பேரிக்கு எடுத்துப் போனேன். இசக்கியம்மாள் வரப்பில் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் உறையைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"சத்தமா வாசிங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."

மருத்துவமனைத் தாளில், தமிழில் இருந்தது; வாசித்தேன். கொடையாளரின் உடல்நலத்தில் குறை எதுவும் இல்லை. கொடுக்க அவருக்கு விருப்பமில்லாததால் கொடை நடைபெறவில்லை. முன்பு தெரிவித்த காரணம் தவறானது.

வயலுக்குள் குனிந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். சொந்த அண்ணனுக்கா, என்று ஒரு குரல் கேட்டது.

"ஆமா, சொந்த அண்ணனுக்குத்தான்," என்றார் பேச்சியம்மாள். "எனக்கு விருப்பமில்ல."

இசக்கியம்மாள் ஒரு நாற்றுமுடியைத் தூக்கி அவர் பக்கம் எறிந்தாள். "அங்கன என்னட்டி பேச்சு? எறங்கு."

அவர் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். நான் உறையைத் திருப்பி, என் பழைய வழக்கப்படி அதன் முதுகில் வந்து சேர்ந்த நாளைக் குறித்தேன்: ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள்.